விரல் முகர்ந்து பார்த்த மிஸ்ஸி

சனிக்கிழமை மூன்று மணிக்கு நாங்கள் பதினோரு பிள்ளைகளும் சமூக நிலையத்தின் பூப்பந்துக் கூடத்தில் வரிசையாக நின்று இரண்டு கைகளையும் முன்னால் நீட்டுவோம். மிஸ்ஸி ஒவ்வொருவர் முன்னாலும் குனிந்து விரல்களை முகர்ந்து பார்த்துக்கொண்டே வருவார்.

"மீ கோரெங் நூடுல்ஸ்," என்பார். "காலையில தின்னது இல்ல. இப்பத்தான், வர்ற வழியில."

அடுத்த பிள்ளையிடம் போவார். "பொரிச்ச வாழைப்பழம். கைய சட்டையில துடைச்சிட்டா வாசனை போயிடுமா?"

பெரும்பாலும் சரியாகத்தான் சொல்வார். தப்பாகச் சொன்னாலும் மறுக்க வழியில்லை. மறுத்தால் அது பொய். பொய்க்குக் கூடத்தைச் சுற்றி ஐந்து சுற்று கூடுதலாக ஓட வேண்டும்.

மருத்துவத் தாதியரை அந்தக் காலத்துச் சிங்கப்பூரில் எல்லாரும் மிஸ்ஸி என்றுதான் கூப்பிட்டோம். அவருக்கு ஒரு பெயர் உண்டு. சீருடையில் குத்தியிருந்த பட்டையில் வாராவாரம் அதைப் படித்திருக்கிறேன். இங்கே எழுத மனம் வரவில்லை. அவருக்கு ஐம்பது வயது இருக்கும். கல்யாணம் ஆகாதவர். கழுத்தில் மெல்லிய சங்கிலியில் ஒரு வெள்ளிச் சிலுவை. உடம்பில் சதை என்று சொல்ல எதுவும் கிடையாது. மத்தியானத்துக்குச் பாலும் சீனியும் சேர்க்காத தே-ஓ டீயும் இரண்டு கிரீம் கிராக்கரும் சாப்பிடுவார். அதையும் எங்கள் முன்னால் உட்கார்ந்துதான் சாப்பிடுவார், நாங்கள் ஓடிக்கொண்டிருக்கும்போது.

எனக்கு அப்போது பத்து வயது. நாற்பத்தொன்பது கிலோ. எண்பதுகளின் தொடக்கம் அது. குண்டாக இருப்பது ஒரு நோய் என்று எங்கள் வீட்டில் யாரும் அதுவரை கேள்விப்பட்டதில்லை. பள்ளிக்கு உடல் பரிசோதனைக்கு வந்த டாக்டர் ஒரு கடிதம் கொடுத்தனுப்பினார். ஃபேரர் பார்க் பக்கத்தில் ஒரு கிளினிக்கும் ஒரு சமூக நிலையமும் சேர்ந்து குண்டுப் பிள்ளைகளுக்காக ஒரு திட்டம் தொடங்கியிருக்கின்றன, மாதம் ஒரு முறை கிளினிக்கில் ரத்தச் சர்க்கரைப் பரிசோதனை, வாரம் ஒரு முறை சமூக நிலையத்தில் உடற்பயிற்சி, பெற்றோர் ஒத்துழைக்க வேண்டும் என்று அதில் இருந்தது. அப்பா அதை இரண்டு முறை படித்தார்.

"நல்லா சாப்பிடுற வீட்டுப் பிள்ளை இப்படித்தான் இருக்கும். இதுக்கெல்லாமா கடிதாசு?" என்றார். ஆனால் கடிதம் ஆங்கிலத்தில் இருந்தது, முத்திரையும் குத்தியிருந்தது. அதனால் என்னை அனுப்பிவிட்டார்கள்.

கூடத்தின் ஓரத்தில் ஆள் நின்று பார்க்கும் பெரிய தராசு ஒன்றை மிஸ்ஸி வைத்திருந்தார். ஏறி நின்றால் எடையை உரக்கச் சொல்வார். முதலில் ஆங்கிலத்தில், பிறகு தமிழில், பிறகு கடைத்தெருவில் பேசும் பஜார் மலாயில். கூடத்தின் மறுபக்கம் கேரம் ஆடும் ஆண்களுக்கும், பக்கத்து அறையில் சமையல் வகுப்புக்கு வந்த பெண்களுக்கும் யாருக்கும் புரியாமல் போய்விடக் கூடாது. சமையல் வகுப்பில் சனிக்கிழமைகளில் அன்னாசிப்பழ டார்ட்டும் வெண்ணெய்க் கேக்கும் செய்வார்கள். அடுப்பின் வாசனை கூடம் முழுக்க நிறைந்திருக்கும். எங்கள் நேரத்தை மாற்றிக்கொள்ளலாமே என்று சமூக நிலையத்து மேலாளர் ஒரு தடவை கேட்டார்.

"வேணாம்," என்றார் மிஸ்ஸி. "வாசனைய வச்சுக்கிட்டே ஓடட்டும். வெளிய போனா ரோடு பூரா வாசனைதானே."

சாப்பிட்டதை எல்லாம் எழுதச் சொல்லி ஆளுக்கொரு நோட்டுப் புத்தகம் கொடுத்திருந்தார். தராசில் நிற்கும்போது அதைத் திறந்து படிப்பார். எடை குறையாத வாரத்தில், எழுதியிருந்த பக்கத்தின் குறுக்கே சிவப்பு மையில் ஒரு கோடு போடுவார்.

"வாய் ஒண்ணு சொல்லுது, உடம்பு ஒண்ணு சொல்லுது. நான் யாரை நம்புறது?"

இதுதான் அவர் அடிக்கடி சொல்வது. உடம்பைத்தான் நம்பினார். பிள்ளைகளின் வாயை அவர் நம்பி நான் பார்த்ததில்லை. காலில் சுளுக்கு என்றால் நொண்டி நடந்து காட்டச் சொல்வார், பிறகு எதிர்பாராத நேரத்தில் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, திரும்பி வரும்போது நொண்டுகிறோமா என்று பார்ப்பார். வயிற்று வலி என்றால் சிரிப்பார். காய்ச்சல் என்றால் தெர்மாமீட்டரை வாயில் வைத்து, சூடான தண்ணீர் குடித்துவிட்டு வந்தாயா என்று கேட்டு, பத்து நிமிடம் கழித்து மறுபடியும் வைப்பார். அம்மாக்களிடமும் ஒளிவில்லாமல் சொல்வார்: "குண்டுப் பிள்ளைங்க பொய் சொல்லுங்க. பசிக்குதுன்னு சொல்லும், மயக்கம் வருதுன்னு சொல்லும். நீங்க நம்பினா என் வேலை அவ்வளவுதான்."

வீட்டுக்கும் வருவார். சொல்லிவிட்டு வரமாட்டார். ஒரு தீபாவளிக்கு முந்தின வாரம் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். அம்மா வீட்டு உடையில், கையெல்லாம் மாவாக, என்ன பேசுவதென்று தெரியாமல் உட்காரச் சொன்னார். மிஸ்ஸி உட்காரவில்லை. ஐஸ்பெட்டியைத் திறந்தார். அலமாரியைத் திறந்தார். முறுக்கு டின் மூன்று இருந்தது. பையிலிருந்து வெள்ளைப் பிளாஸ்திரிச் சுருளை எடுத்து, மூன்று டின்களின் மூடியையும் சுற்றி ஒட்டி, ஒட்டிய இடத்தில் பேனாவால் கையெழுத்துப் போட்டார்.

"தீபாவளிக்கு வர்றவங்களுக்கு மிஸ்ஸி..." என்று அம்மா இழுத்தார்.

"வர்றவங்க உங்க பொண்ணைப் பார்க்க வருவாங்களா, முறுக்கைப் பார்க்க வருவாங்களா?"

அச்சகத்தில் இருபது பேரை அதட்டி வேலை வாங்கும் என் அப்பா, அந்த டின்களைத் தொடவில்லை. தீபாவளி அன்று உறவுக்காரர்கள் வந்தபோது, இந்த வருஷம் முறுக்கு சரியாக வரவில்லை என்று அம்மா சொன்னார். சித்தி என்னை ஒரு பார்வை பார்த்தார். அடுத்த வாரம் மிஸ்ஸி வந்து, கையெழுத்து கலையாமல் இருப்பதைப் பார்த்துத் தலையை ஆட்டினார். முறுக்கைக் கீழ்வீட்டுக்காரர்களுக்குக் கொடுக்கச் சொன்னார்.

அவர் மேல் எங்களுக்குப் பிரியம் வந்த ஒரு நாளும் உண்டு. கேரம் ஆடுகிறவர்களில் ஒருவர், தொப்பை பெருத்த ஆள், நாங்கள் ஓடுவதைப் பார்த்து, "ஏய், பில்டிங் ஆடுது, மெதுவா ஓடுங்க லா," என்றார். மற்றவர்கள் சிரித்தார்கள். மிஸ்ஸி தே-ஓவை வைத்துவிட்டு நேரே அவரிடம் போனார்.

"எந்திரிங்க. தராசுல ஏறுங்க."

"சும்மா விளையாட்டுக்குச் சொன்னேன் மிஸ்ஸி."

"நானும் விளையாட்டுக்குத்தான். ஏறுங்க."

அவர் ஏறினார். தொண்ணூற்று மூன்று கிலோ. மூன்று மொழிகளிலும் சொன்னார். சமையல் வகுப்புப் பெண்கள் வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தார்கள். அந்த ஆள் அதற்குப் பிறகு சனிக்கிழமைகளில் வரவில்லை. அன்றைக்கு நாங்கள் பதினோரு பேரும் சொல்லாமலே இரண்டு சுற்று அதிகம் ஓடினோம்.

புவனா பன்னிரண்டாவது ஆளாக வந்தாள். என் வயதுதான். செம்பவாங்கில், கப்பல் பட்டறைக்காரர்களின் குவார்ட்டர்ஸில் இருந்தாள். அப்பா பட்டறையில் வெல்டர். தமிழ் பேசுகிற மிஸ்ஸி இங்கேதான் இருக்கிறார் என்று அவள் பள்ளியிலிருந்து அவ்வளவு தூரம் அனுப்பியிருந்தார்கள். இரண்டு பஸ் மாறி வருவாள். வந்ததும் சுவரோரம் உட்கார்ந்துவிடுவாள். எங்களைப் போல் அவளுக்குக் கையும் தொடையும் பெருத்திருக்கவில்லை. முகமும் வயிறும் காலும்தான். எங்கள் யாருக்கும் அது வித்தியாசமாகத் தெரியவில்லை. கூடத்தில் நிற்கிற எல்லாரும் குண்டு, அவ்வளவுதான்.

முதல் வாரம் நாற்பத்தொரு கிலோ. அடுத்த வாரம் நாற்பத்திரண்டரை. அதற்கடுத்த வாரம் நாற்பத்து நான்கு.

"என்ன தின்ன?"

"ஒண்ணும் இல்ல மிஸ்ஸி. பசியே இல்ல."

மிஸ்ஸி அவள் விரல்களை முகர்ந்தார். சோப்பு வாசனைதான் வந்தது.

"சோப்பு போட்டுக் கழுவிட்டு வந்திருக்கா. கெட்டிக்காரி."

காலையில் கண் திறக்க முடியாத அளவுக்கு முகம் வீங்கியிருந்த நாளில், அழுது அழுது வீங்கிப்போச்சு, அழுதா எடை குறையாது என்றார். கால் கனக்கிறது என்று புவனா சொன்னபோது, கனத்தைக் குறைக்கத்தானே வந்திருக்க என்றார். அவள் அம்மாவை வரவழைத்து, இனிமேல் கஞ்சி மட்டும், சமையலறைக்குப் பூட்டு, அழுதால் கண்டுகொள்ளக் கூடாது என்று சொல்லி அனுப்பினார். அந்த அம்மா சொன்னபடியே செய்தார்.

நாங்களும் சும்மா இருக்கவில்லை. புவனாவின் காலுறையைக் கீழே இறக்கினால் ரப்பர் இருந்த இடத்தில் ஆழமாக ஒரு வளையம் தெரியும். முன்னங்காலில் விரலை வைத்து அழுத்தினால் குழி விழும். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே நிற்கும். எங்களுக்கு அது விளையாட்டு. யார் அழுத்தின குழி அதிக நேரம் நிற்கிறது என்று போட்டி வைப்போம். எத்தனையோ தடவை நான்தான் ஜெயித்தேன். வலிக்கிறதா என்று கேட்போம். வலிக்கவில்லை என்பாள். அவளுக்கு எங்களோடு இருக்கப் பிடித்திருந்தது என்று நினைக்கிறேன். காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

அதை மிஸ்ஸியிடம் யாரும் சொல்லவில்லை. விளையாடினால் திட்டுவார் என்று பயம்.

ஒரு சனிக்கிழமை புவனாவின் எடை நாற்பத்தேழு வந்தது. மிஸ்ஸி எடையைச் சொல்லவில்லை. நோட்டுப் புத்தகத்தை மூடிவிட்டு எங்கள் பக்கம் திரும்பினார்.

"இவ தின்னதை யார் பார்த்தீங்க? பார்த்தவங்க சொல்லுங்க. சொன்னவங்க இன்னைக்கு ஓட வேணாம். எடையும் பார்க்க மாட்டேன்."

வரிசையில் எனக்கு முன்னால் இன்னும் மூன்று பேர் இருந்தார்கள். பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்துத் தள்ளுவண்டியில் அரை மணி நேரத்துக்கு முன்னால் நான் இரண்டு கறிபாப் தின்றிருந்தேன். உருளைக்கிழங்கு வைத்துப் பொரித்தது, கையெல்லாம் எண்ணெய். குழாயில் கழுவியிருந்தேன். ஆனாலும் முகர்ந்தால் தெரிந்துவிடும்.

"நான் பார்த்தேன் மிஸ்ஸி," என்றேன். "பஸ் ஸ்டாப்ல. ரெண்டு கறிபாப் தின்னா."

"இல்ல மிஸ்ஸி," என்றாள் புவனா. "அவ பொய் சொல்றா."

மிஸ்ஸி என் விரலை முகரவில்லை. என்னிடம் மறுபடியும் கேட்கவும் இல்லை. நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். தன்னுடைய கிரீம் கிராக்கரில் ஒன்றை எடுத்து என் கையில் கொடுத்தார். பிறகு புவனாவைப் பார்த்து, "இருபது சுற்று," என்றார்.

பன்னிரண்டாவது சுற்றில் புவனா தரையில் உட்கார்ந்துவிட்டாள். மூச்சு வாங்கியது. "நடிக்காத. எந்திரி," என்றார் மிஸ்ஸி. அவள் எழுந்தாள். இருபதையும் முடித்தாள். நான் நாற்காலியில் உட்கார்ந்து பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டு எண்ணினேன்.

அடுத்த மூன்று வாரம் அவள் வரவில்லை. "ஓடிப் போயிட்டா," என்றார் மிஸ்ஸி. விடுகிற ஆள் இல்லை அவர். மூன்றாவது சனிக்கிழமை வகுப்பு முடிந்ததும் என்னையும் சாட்சிக்கு என்று கூட்டிக்கொண்டு செம்பவாங் போனார். பஸ்ஸில் என்னை ஜன்னல் பக்கம் உட்காரவைத்தார். மடியில் புவனாவின் நோட்டுப் புத்தகம் இருந்தது.

புவனாவின் அப்பாதான் கதவைத் திறந்தார். வேலை உடையிலேயே இருந்தார். மிஸ்ஸி வாயைத் திறக்கும் முன் அவரே சொன்னார்.

"ஆஸ்பத்திரியில இருக்கா மிஸ்ஸி. கிட்னி. உடம்புல இருக்கிற சத்தெல்லாம் ஒண்ணுக்குல போயிட்டு, தண்ணி கோத்துக்கிட்டு இருந்திருக்கு. டாக்டர் கால்ல கட்டை விரலை ஒரு தடவை வச்சு அழுத்துனாரு, உடனே சொல்லிட்டாரு. கொழுப்பு இல்லையாம். எல்லாம் தண்ணியாம்."

மிஸ்ஸி நோட்டுப் புத்தகத்தைப் பைக்குள் வைத்தார். பிறகு கேட்டார். குரல் மாறவில்லை. "ஒண்ணுக்குப் போறது எத்தனை நாளா குறைஞ்சிருந்துச்சு? நீங்க ஏன் என்கிட்ட சொல்லல?"

உள்ளேயிருந்து அந்த அம்மா வந்தார். அவர் கோபமாகப் பேசவில்லை. சந்தேகம் கேட்பது போலத்தான் சொன்னார்.

"அவ சொன்னா மிஸ்ஸி. ஒண்ணுக்கு வரல, காலு வலிக்குதுன்னு தினமும் சொன்னா. நாங்கதான் நம்பல. நம்பக் கூடாதுன்னு நீங்க சொன்னீங்களே."

திரும்பி வரும்போது பஸ்ஸில் மிஸ்ஸி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு என்னிடம் கேட்டார். "நீ பார்த்ததானே? கறிபாப்?"

"பார்த்தேன் மிஸ்ஸி."

"அப்ப சரி."

ஆஸ்பத்திரியிலிருந்து கிளினிக்குக் கடிதம் வந்தது. உடம்பில் நீர் கோத்த பிள்ளையை ஏன் இத்தனை வாரம் ஓடவைத்தீர்கள் என்று கேட்டிருந்தார்களாம். கிளினிக்கின் சீன டாக்டர் என்னை அறைக்குக் கூப்பிட்டார். பக்கத்தில் மிஸ்ஸி நின்றார். அந்தப் பிள்ளை திருட்டுத்தனமாகத் தின்றதை நீ கண்ணால் பார்த்தாயா என்று டாக்டர் ஆங்கிலத்தில் நிதானமாகக் கேட்டார். "யெஸ் டாக்டர்," என்றேன். எழுதிக்கொண்டார். வீட்டில் உணவுக் கட்டுப்பாட்டைச் சரியாகக் கடைப்பிடிக்கவில்லை, அதனால்தான் அறிகுறி தெரியாமல் போயிற்று என்று புவனாவின் பெற்றோருக்குப் பதில் போயிற்று. மிஸ்ஸிக்கு ஒன்றும் ஆகவில்லை.

அதன் பிறகு என் எடையை மட்டும் அவர் உரக்கச் சொல்வதில்லை. காதருகே சொல்வார். எனக்கென்று தனியாக உணவுப் பட்டியல் எழுதித் தந்தார். ஒரு வருஷத்தில் பதினோரு கிலோ குறைந்தேன். சமூக நிலையத்தில் நடந்த விழாவில் என்னை மேடையில் ஏற்றி, என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் உள்ளங்கை வியர்த்திருந்தது. கையை உருவிக்கொள்ள நினைத்தேன், விடவில்லை.

பிறகு நாங்கள் ஈசூனுக்கு வீடு மாறினோம். எனக்குப் பதினேழு வயது ஆகியிருந்தபோது, தேக்கா சந்தையில் அம்மாவுக்குச் சாமான் வாங்கிக்கொண்டு சிராங்கூன் சாலை பஸ் நிறுத்தத்தில் நின்றேன். பூப்போட்ட கவுன் அணிந்த ஒரு கிழவி என் பக்கத்தில் வந்து நின்றார். சீருடை இல்லாததால் எனக்கு அடையாளம் தெரியவில்லை. அவருக்குத் தெரிந்தது.

நலம் எதுவும் விசாரிக்கவில்லை. "அன்னைக்கு உன் காலர்ல கறிபாப் தூள் ஒட்டியிருந்துச்சு," என்றார்.

நான் சாமான் பையைக் கீழே வைத்தேன்.

"நீ சொல்லும்போதே பார்த்தேன். தின்னது நீதான்னு தெரியும்."

"அப்புறம் ஏன் மிஸ்ஸி?"

"அந்தப் பிள்ளை எங்கேயோ திருடித் திங்குதுன்னு எனக்கு நிச்சயம். யாராவது ஒருத்தர் பார்த்தேன்னு சொன்னா போதும்னு இருந்துச்சு. நீ சொன்ன." பையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். "டாக்டர்கிட்ட உன்னைக் கூட்டிட்டுப் போனது அதுக்கு இல்ல. அது என் வேலையக் காப்பாத்திக்க."

சாலையில் பஸ்கள் வந்து போயின. அவர் எதிலும் ஏறவில்லை.

"இப்ப ரிட்டயர் ஆயிட்டேன். அந்தப் பிள்ளையப் பார்த்து நடந்ததைச் சொல்லணும். அவ அம்மாகிட்டயும் சொல்லணும். செம்பவாங் போய்ப் பார்த்தேன். குவார்ட்டர்ஸ் காலியாக் கிடக்கு. எங்க போனாங்கன்னு உனக்குத் தெரியுமா?"

எனக்குத் தெரியும். அவர்களும் ஈசூனுக்கு வந்துவிட்டார்கள். எங்களுக்கு எதிர் பிளாக், ஆறாவது மாடி. புவனா பிழைத்துக்கொண்டாள். ஆனால் வியாதி திரும்பத் திரும்ப வந்தது. அதற்குக் கொடுத்த மருந்தில் அவள் முகம் நிலா மாதிரி உருண்டு, இப்போது நிஜமாகவே குண்டாகிவிட்டாள். படிப்பில் இரண்டு வருஷம் போயிற்று. அவள் அம்மாவும் என் அம்மாவும் சந்தைக்கு ஒன்றாகப் போவார்கள். "அன்னைக்கு அந்த ரெண்டு கறிபாப்பைத் திங்காம இருந்திருந்தா இவளுக்கு இது வந்திருக்காது," என்று அந்த அம்மா இன்னமும் சொல்லிக்கொண்டிருந்தார். புவனா பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருப்பாள். தான் தின்னவில்லை என்று சொல்வதை அவள் எப்போதோ நிறுத்திவிட்டாள். அன்று மிஸ்ஸியோடு வாசலில் நின்ற குண்டுப் பிள்ளையை அந்த அம்மாவுக்கு அடையாளம் தெரியவில்லை. பார்த்ததாகச் சொன்ன பிள்ளை நான்தான் என்பதைப் புவனாவும் இரண்டு அம்மாக்களிடமும் சொல்லவில்லை. எங்கள் பிளாக் லிஃப்ட் பக்கம் அவளைப் பார்த்தால் நான் படிக்கட்டு வழியாகப் போய்விடுவேன்.

"தெரியாது மிஸ்ஸி," என்றேன்.

மிஸ்ஸி என் முகத்தைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். அவர் கண்ணில் கோபம் இல்லை. வயதாகிவிட்டது மட்டும் தெரிந்தது.

"சரி," என்றார். "நம்புறேன்."

வந்த பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துகொண்டார்.